சொற்களை வரிசையில் நிறுத்திய முனிவர்

வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியை நினைப்போர் பலர். பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நினைத்துச் சிரிப்போர் அதனினும் பலர். எனக்கோ அவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆங்கிலச் சொற்கள் நிறைந்த நோட்டுப் புத்தகம் ஒன்று நினைவுக்கு வருகிறது. முனிவர் பிறந்தது இத்தாலியில். அந்த நோட்டுப் புத்தகம் பிறந்தது கோலியனூர்க் கூட்டுரோட்டில், எங்கள் தேநீர்க் கடையின் பின்கட்டில். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது நியாயமே. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் கணிதம் பயிலும் மாணவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். முதலாண்டில், வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த ஆங்கிலச் சொல் விளையாட்டுப் போட்டிக்கு நானும் நண்பர் இருவரும் சென்றோம். பலகையில் ஏழு எழுத்துகளை எழுதி, அவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்க முடியும் என்று பார்ப்பது முதற்சுற்று. அதில் ஒருவாறு தப்பினோம். இரண்டாம் சுற்றில் ஓர் எழுத்தைச் சொல்வார்கள். அதில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொல்லை எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது 'கே'. கத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் 'க்னைஃப்' என்றேன். அச்சொல்லை அதுவரை நான் கண்ணால் கண்டிருந்தேனே தவிரக் காதால் கேட்டதில்லை. முதலெழுத்து ஊமை எழுத்து என்று எனக்கு யார் சொன்னார்கள்? அரங்கம் முழுவதும் சிரித்தது. சொல் சரியானது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் அந்த மதிப்பெண் எனக்கு இனிக்கவில்லை. அன்றிரவு கடைசிப் பேருந்தில் மூவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

மறுவாரமே நோட்டுப் புத்தகம் தொடங்கியது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியைப் புரட்டி, இரண்டெழுத்துச் சொற்கள் ஒரு பக்கம், மூன்றெழுத்துச் சொற்கள் அடுத்த நாலு பக்கம் எனப் பிரித்தேன். 'க்யூ' வரும் சொற்களுக்குத் தனிப் பக்கம். உயிரெழுத்து ஐந்தில் ஒன்றுகூட இல்லாமல் ஆறெழுத்தில் நிற்கும் 'ரிதம்' போன்ற விந்தைச் சொற்களுக்கு இன்னொரு பக்கம். கணித மாணவனுக்குப் பிரிப்பதும் எண்ணுவதும் பிடித்த வேலையல்லவா?

இந்தப் பித்து எனக்கு மட்டும் உரியதன்று என்பது பிறகு தெரிந்தது. ஸ்கிராபிள் என்னும் சொல் விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1931இல், பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து வீட்டில் இருந்தவர், செய்தித்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் விளையாட்டின் 100 வில்லைகள் பிறந்தன. 'ஈ' என்னும் எழுத்துக்குப் பன்னிரண்டு வில்லை, ஆனால் மதிப்பு ஒன்றே. 'க்யூ'வுக்கு ஒரே வில்லை, மதிப்போ பத்து. இவ்விளையாட்டில் தேர்ந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே சொற்களை நீளத்தாலும் எழுத்தாலும் பிரித்து மனப்பாடம் செய்கிறார்கள். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சுச் சொற்பட்டியலை நெட்டுருப் போட்டு, 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டியில் உலக வாகை சூடினார். இதைப் படித்தபோது வியப்பும் வந்தது. சற்றே அச்சமும் வந்தது. பொருளும் ஒலியும் தெரியாமல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத்தான் தெரியுமே!

இந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு நாள் நூலக மேசையில் விரித்து வைத்திருந்தேன். அவ்வழியே வந்த தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் அதை எடுத்துச் சில பக்கங்கள் புரட்டினார். கண்டிப்பார் என்று எழுந்து நின்றேன். அவர் கண்டிக்கவில்லை. தமிழில் இப்படி ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். தமிழில் இப்படியெல்லாம் இருக்காது என்று நினைத்திருந்தேன் என்பதே உண்மை. எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் ஆங்கிலத்தின் சொத்து, நமக்குப் பாட்டும் உரையும் மட்டுமே என்று எப்படியோ என் மனத்தில் பதிந்திருந்தது. அவர் அலமாரியைத் திறந்து பழுப்பேறிய நூல் ஒன்றை எடுத்து என் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதுதான் சதுரகராதி.

அதை இயற்றியவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகில் உள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். பதினெட்டாம் வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் கப்பலேறி 1710இல் கோவாவில் இறங்கினார். அடுத்த ஆண்டு தமிழகம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. இந்த எண்ணை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். முப்பது வயதில் அவருக்குத் தமிழில் அகரமும் தெரியாது. நம் வீட்டுக் குழந்தை மூன்று வயதில் மழலையாகச் சொல்லும் ழகரத்தை அவர் முப்பது வயதில் நாக்கை மடித்துப் பழகியிருக்க வேண்டும். எத்தனை திண்ணைகளில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! வரலாற்றாசிரியர் எவரும் அதை எழுதி வைக்கவில்லை. ஆயினும் நான் ஐயமின்றி நம்புகிறேன்.

தமிழைச் சுப்பிரதீபக் கவிராயரிடம் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முதலில் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்ற பெயரே நிலைத்தது. தென்பாண்டி நாட்டுக் காமநாயக்கன்பட்டியிலும், பிறகு கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியிலும் தங்கிப் பணியாற்றினார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று தமிழ்ப் பெயரிட்டவர் அவரே. அவ்வூர் மீது கலம்பகமும் பாடினார்.

நம் வட்டாரத்து மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பியவரும் இம்முனிவரே. முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் அதற்குத் துணை நின்றார் என்பர். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிவதற்கு முன் அவ்வூரும் நம்மூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே முனிவரை அயலார் என்று நாம் ஒதுக்க இயலாது. ஒரு வகையில் பக்கத்து ஊர்க்காரர்.

அவர் எழுதிய நூல்களை எல்லாம் இங்கே அடுக்கினால் ஆண்டுமலரில் எனக்கு ஒதுக்கிய பக்கம் போதாது. 1726இல் தேம்பாவணி, மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல்கள். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம். இலத்தீன் மொழியில் கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்கள். திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் இலத்தீன் மொழிபெயர்ப்பு. இவற்றைப் பற்றிப் பேசப் புலவர் பலர் உள்ளனர். நான் பேச வந்தது 1732இல் அவர் முடித்த சதுரகராதி பற்றி.

அதன் அருமையை அறிய, அதற்கு முன் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேடியவர் எப்படித் தேடினார் என்று பார்க்க வேண்டும். அகராதி இல்லை, நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பவை புகழ்பெற்றவை. அனைத்தும் செய்யுள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பொருள் வாரியாகத் தொகுக்கப்பட்டவை. நிகண்டைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவனுக்கு அது மாபெரும் செல்வம். செய்யாதவனுக்கோ பூட்டிய பெட்டி. ஒரு சொல்லுக்குப் பொருள் காண வேண்டுமானால், அது எந்தத் தொகுதியில் எந்தப் பாட்டில் வருகிறது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். அதாவது, விடை தெரிந்தவனே வினாவை எழுப்ப முடியும்! ஆசிரியர் திண்ணையில் இடம் கிடைக்காதவன், வயது முதிர்ந்து கற்க வந்தவன், அயலான் ஆகிய இவர்களுக்கு அங்கே வழி குறைவு.

முனிவருக்கு முன் யாரும் இதைப் பற்றி எண்ணவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது பெரும்பிழை. சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர், அதன் பதினோராம் தொகுதியில் பல பொருள் ஒரு சொற்களை எதுகை வரிசையில் அமைத்தார். அவருடைய ஆசிரியர் குணபத்திரர் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டையைச் சார்ந்தவர். 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டு இயற்றி, சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் நிறுத்தினார். அகராதி என்ற பெயரையே அவர் நூல்தான் தந்தது. திருநறுங்கொண்டை, சிதம்பரம், கோணான்குப்பம் மூன்றும் பழைய தென்னார்க்காடு. சொற்களை வரிசைப்படுத்தும் கலைக்கு நம் மண் ஒத்துப்போகும் போலும்! (இதைப் படித்துவிட்டு மதுரைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

எனினும் இரேவண சித்தரின் நூலும் சூத்திரங்களால் ஆனது. முதலெழுத்தைத் தாண்டி வரிசை செல்லவில்லை. முனிவர் செய்யுளைக் கைவிட்டார். தேம்பாவணி பாடியவருக்குச் செய்யுள் வராமலா போயிற்று? வரும். ஆயினும் தேடுகிறவனுக்குச் செய்யுள் தடை என்று கண்டு, சொல்லை எடுத்து நிறுத்தி, பக்கத்தில் பொருளை வைத்தார். முதலெழுத்தை மட்டுமன்றி அடுத்தடுத்த எழுத்துகளையும் பார்த்து வரிசைப்படுத்தினார். மூவாயிரத்துக்கு மேல் பாட்டெழுதிய கை, பாட்டே இல்லாத ஒரு நூலைப் பொறுமையாக எழுதியிருக்கிறதே, அதைத்தான் நான் அவருடைய பெருமைகளில் முதலில் வைப்பேன். ஆங்கிலத்தில் பேரகராதி செய்த ஜான்சனின் நூல் வந்தது 1755இல். சதுரகராதிக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பின்னர். யார் முந்தி என்ற வாதத்துக்காக இதைச் சொல்லவில்லை, ஏனெனில் ஆங்கிலத்திலும் ஜான்சனுக்கு முன் சிறு அகராதிகள் உண்டு. ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு மொழிகளும் ஒரே வேலையில் இறங்கியிருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

சதுர் என்றால் நான்கு. இந்நூல் நான்கு அகராதிகள் சேர்ந்தது. பெயரகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி அதைத் திருப்பிப் போட்டது போல, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருகிறது. தொகையகராதி, முக்கனி, அறுசுவை என நாம் வழங்குவது போல எண்ணால் தொகுத்து வழங்கும் பெயர்களை விரித்துச் சொல்கிறது. நான்காவது தொடையகராதி. என் நோட்டுப் புத்தகத்தின் உறவினர் இவர்தாம்.

தொடையகராதி எதுகைச் சொற்களின் தொகுப்பு. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல் என்று பள்ளியில் படித்தோம். அது பாதி இலக்கணமே. முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்கவும் வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கடல், மடல், உடல், திடல் இவை ஓரினம். பாடல், ஆடல், கூடல், தேடல் இவை வேறோரினம். கடலுக்கும் பாடலுக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றாயினும், முதலெழுத்தின் நீளம் வேறாதலின் எதுகை ஆகாது. அதாவது தொடைக்குச் சொல் தேடுகிறவன் எழுத்தையும் பார்க்க வேண்டும், நீளத்தையும் பார்க்க வேண்டும்!

நூலகத்தில் இதை விளங்கிக்கொண்ட அன்று நான் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன். ஆங்கில விளையாட்டில் நீளம் என்பது எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழில் நீளம் என்பது மாத்திரை; ஒலிக்கும் காலம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. பாடத்தில் ஒரு மாத்திரை குறைத்தால் படம். வீட்டில் ஒரு மாத்திரை குறைத்தால் விடு. நம் பழம்புலவர்கள் இதை மாத்திரைச் சுருக்கம் என்று பெயரிட்டு, சித்திரக்கவியில் ஒரு விளையாட்டாகவே ஆடியிருக்கிறார்கள். தமிழில் காதால் கேட்காமல் சொல்லின் நீளத்தைச் சொல்ல முடியாது. அரங்கில் நான் தடுக்கி விழுந்த இடமும் அதுவேயல்லவா?

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். முனிவர் பொருளை முதலிரண்டு பகுதிகளில் வைத்து, எதுகையைக் கடைசியில் வைத்தார். என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது அந்தக் கடைசிப் பகுதி மட்டுமே. முதல் மூன்றும் இல்லை.

முனிவரின் எழுத்துச் சீர்திருத்தமும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. பழஞ்சுவடிகளில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலை கிழியும் என்று அஞ்சிப் பலர் புள்ளி வைப்பதில்லை. எனவே குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். முனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்தார். இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் கீழ்க்கோடும், மேற்சுழித்த இரட்டைக் கொம்பும் அவர் வழி வந்தவை என்பர். செறிவும் சேறும், கொடியும் கோடியும் எழுத்திலேயே பிரிந்து நிற்காவிட்டால் அகர வரிசை எப்படி நிற்கும்? அகராதி செய்கிறவருக்கே இந்தத் துன்பம் முழுமையாகத் தெரிந்திருக்கும் என்பது என் சொந்தக் கருத்து; ஆசிரியப் பெருமக்கள் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

முனிவர் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் உழுத தமிழ் நிலத்தில் அவர் உடல் அடங்கவில்லை. சதுரகராதியோ அப்போதும் ஏட்டில்தான் இருந்தது. ஓலையிலிருந்து ஓலைக்கு அதைப் படியெடுத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். 1816இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியின் எல்லிஸ் துரை, முனிவரின் நூல்களைத் தேடித் தொகுத்து வரும்படி முத்துசாமிப் பிள்ளையைத் தெற்கே அனுப்பினார். முத்துசாமிப் பிள்ளை புதுச்சேரிக்காரர். 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதியவரும் அவரே. சந்தா சாகிபிடம் முனிவர் திவானாக இருந்தார், பல்லக்கில் சென்றார் என்பன போன்ற செய்திகள் அவ்வரலாற்றிலிருந்து பரவியவை. ஆராய்ச்சியாளர் சிலர் அவற்றை ஏற்பதில்லை. எனக்கும் பல்லக்கைவிட ஓலையும் எழுத்தாணியுமே முனிவருக்குப் பொருத்தமாகப் படுகின்றன.

சதுரகராதி 1824இல் சென்னையில் அச்சேறியது. எழுதி முடித்துத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து! 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இவை வளர்ந்த பின், சதுரகராதியைப் பொருள் காண எடுப்பவர் குறைந்துவிட்டனர். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை வைத்தார்கள். சென்ற ஆண்டு பல்கலைக்கழக வேலையாகச் சென்னை சென்ற போது அதைப் பார்த்தேன். சுண்டல் விற்கும் சிறுவன் ஒருவன் சிலை நிழலில் உட்கார்ந்து சில்லறையை வகைவகையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

இவ்வாண்டும் அதே போட்டி வருகிறது. எங்கள் மூவர் பெயரையும் கொடுத்திருக்கிறோம். ஆங்கில நோட்டுப் புத்தகம் இப்போது ஆறெழுத்துச் சொற்களுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பொருளும், அதை எப்படி ஒலிப்பது என்பதும் தமிழில் எழுதியிருக்கிறேன். கத்திக்கு நேரே 'நைஃப்' என்று சிவப்பு மையில் இருக்கிறது.

அதே நோட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தமிழ்ச் சொற்களையும் எழுதி வருகிறேன். முதலெழுத்துக் குறில், இரண்டாமெழுத்து டகரம், ஈற்றில் லகர ஒற்று என்பது ஒரு பக்கத்தின் தலைப்பு. கடல், மடல், உடல், திடல், குடல், தொடல் வரை எழுதிவிட்டு, இதற்கு மேல் இல்லை என்று கோடு இழுக்கப் போனேன். கடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, என்ன கணக்கு அது என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வெங்காயத்தைக் கீழே வைக்காமலே, பாட்டி வீட்டுக் கொல்லையில் பனையோலையால் பின்னி வைத்திருப்பார்களே அதை மறந்துவிட்டாயே என்றார்.

படல் என்று எழுதிக்கொண்டேன்.